கடைசித் தேர்வுக்கும் முதல் டூட்டிக்கும் நடுவே: நீங்கள் எப்போது விண்ணப்பித்தீர்கள்?

மருதாணி:

என் தங்கை பி.எஸ்சி. நர்சிங் எட்டாம் செமஸ்டரில் இருக்கிறாள். 22 வார இன்டர்ன்ஷிப் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போகிறவள், மாலையில் செருப்பைக் கழற்றும்போதே தூங்கிவிடுகிறாள். வேலைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. "ரிசல்ட் வரட்டும், சான்றிதழ் கைக்கு வரட்டும், அதற்குள் என்ன அவசரம்?" என்பது அப்பா. "இப்போதே போடு" என்பது அவளுடைய கல்லூரி ஆசிரியை. நான் வங்கியில் வேலை பார்ப்பவள். இந்தத் துறையில் எனக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அறிவுரை வீட்டிலேயே ஏராளமாகக் கிடைக்கிறது.

சொட்டுக்கணக்கு:

உங்கள் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே வாய் போலிருக்கிறது. நான் 2016இல் முடித்தேன். ஆகஸ்டில் தேர்வு. நல்ல பிள்ளையாக வீட்டில் உட்கார்ந்தேன். அக்டோபரில் ரிசல்ட் வந்தது. பிறகு கல்லூரிக்குப் போய் நிலுவைக் கட்டணம் கட்டி, தொலைந்துபோன ஒரு நூலகப் புத்தகத்துக்கு அபராதம் கட்டி, மாற்றுச் சான்றிதழ் வாங்கினேன். கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றிதழ் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சாந்தோமில் இருக்கும் நர்சிங் கவுன்சிலில் செவிலியராகப் பதிவு செய்யக் கொடுத்தேன். இதற்குள் பொங்கல் போய்விட்டது. முதல் விண்ணப்பம் போட்டது பிப்ரவரியில்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை கூப்பிட்டது. எழுத்துத் தேர்வைச் சமாளித்துவிட்டேன். அடுத்தது மேட்ரன், அதாவது தலைமைச் செவிலியர், அறை. மேசைமேல் ஒரு சலைன் பாட்டில் இருந்தது. "இந்த 500 மில்லி எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். சலைன் குழாய் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைப்பாய்?" என்றார். கல்லூரியில் பெருக்கல் வாய்ப்பாடு போல வாயில் வந்த கணக்கு. நான் பேனாவைத் தேடினேன். "நடுராத்திரியில் பேனா தேடிக்கொண்டு இருப்பாயா அம்மா?" என்றார். 12 என்றேன். 21 என்று அவரே சொன்னார்.

பிறகு பிளாஸ்டிக் கையில் கேனுலா, அதாவது சலைன் ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய், போடச் சொன்னார். நரம்பு எழும்பக் கையை இறுக்கும் டூர்னிகெட் பட்டையைக் கட்டினேன், துடைத்தேன், ஊசியை ஏற்றினேன், பிளாஸ்டர்கூட ஒட்டிவிட்டேன். டூர்னிகெட்டை அவிழ்க்கவே இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் தானே அவிழ்த்து, மடித்து, இழுப்பறையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆறு மாதமாக ஊசியைத் தொடாத கை, வேறென்ன செய்யும்?

வெளியே வந்தால் என்னுடன் படித்தவள் எதிரே வருகிறாள். இன்டர்ன்ஷிப் முடியும் முன்பே கல்லூரிக்கு வந்த நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டு, தேர்வு முடிந்த அடுத்த வாரமே அங்கே பயிற்சிச் செவிலியாகச் சேர்ந்தவள். அன்றைக்கு ஐ.சி.யு. டூட்டி. "என்னடி, இப்போதுதான் வருகிறாயா?" என்றாள். படிப்பில் நான்தான் அவளைவிட மேல். இருபது நாள் கழித்து என்னையும் எடுத்துக்கொண்டார்கள், பொது வார்டுக்கு, அவளைவிட 1,500 ரூபாய் குறைவாக.

பாலைக்காற்று:

மேலே சொன்ன தோழியைப் போல நானும் சீக்கிரம் சேர்ந்தவள்தான். ஆனால் அதில் எனக்கு ஒரு அடி விழுந்தது. பயிற்சிச் செவிலியாகச் சேர்ந்த சந்தோஷத்தில் கவுன்சில் பதிவை மறந்தேவிட்டேன். மாதச் சம்பளம் வருகிறது, இரவு டூட்டி முடிந்தால் தூக்கம் வருகிறது, யார் சென்னைக்கு அலைவது? ஏழு மாதம் கழித்துத்தான் பதிவு செய்தேன்.

சவூதிக்கு முயன்றபோது இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்தில் கல்லூரி, கவுன்சில், மருத்துவமனை என்று ஒவ்வொரு இடமாகச் சரிபார்ப்பார்கள். என் அனுபவச் சான்றிதழில் இருந்த சேர்ந்த தேதியையும் பதிவுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பதிவுக்கு முந்தைய ஏழு மாதமும் கணக்கிலேயே வரவில்லை. அந்த ஏழு மாதத்தில் நான் எத்தனை இரவு விழித்திருப்பேன், எத்தனை பேருக்கு இன்சுலின் போட்டிருப்பேன்! தாளில் அதெல்லாம் பூஜ்யம். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக வந்திருந்த ஒரு நேர்முகத் தேர்வு அப்படியே கையைவிட்டுப் போனது. அடுத்த வாய்ப்புக்குப் பத்து மாதம் காத்திருந்தேன்.

மருதாணி, உங்கள் தங்கை விண்ணப்பத்தை எப்போது வேண்டுமானாலும் போடட்டும். தற்காலிகச் சான்றிதழ் வந்த வாரமே பதிவுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம் என்றீர்கள், இந்த ஒன்றுக்கு மன்னிக்கவும்.

மூன்றாம் ஷிப்டு:

ஆண் செவிலியர் கதையை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நான் ஜி.என்.எம்., அதாவது நர்சிங் டிப்ளமோ. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பதினொரு மருத்துவமனைகளுக்கு விண்ணப்பம் போட்டேன். ஒன்பது இடத்தில் பதிலே இல்லை. ஒரு இடத்தில் "ஆண்களுக்கு அவசரச் சிகிச்சையிலும் டயாலிசிஸிலும்தான் இடம், இரண்டும் நிரம்பிவிட்டன" என்றார்கள். பதினொன்றாவது இடத்தில் அறுவை அரங்குக்கு ஆள் தேவைப்பட்டது. அங்கே சேர்ந்தேன். வகுப்பில் இருந்த மற்ற ஆண்களில் பாதிப் பேர் ரிசல்ட்டுக்குப் பிறகு தேட ஆரம்பித்தார்கள். ஒருவன் இன்றைக்கு மருந்துக் கம்பெனி பிரதிநிதி, இன்னொருவன் ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடை நன்றாகத்தான் ஓடுகிறது, அது வேறு.

நான் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலியர் வேலைக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜி.என்.எம். என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அதில் ஆண்களுக்கு 20 சதவீத இடம்தான். வயது வரம்போ பொதுப் பிரிவுக்கு 30. முதல் வேலையில் ஆறு மாதம் தள்ளிப்போனால் அந்தத் தேர்வும் ஆறு மாதம் தள்ளிப்போகும். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே 20 படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், படுக்கையை எண்ணிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு இன்றுவரை அது புரியவில்லை. மூன்றாவது முறை எழுதித் தேறினேன்.

சாவிக்கொத்து:

எல்லோரும் சீக்கிரம், சீக்கிரம் என்கிறீர்கள். சீக்கிரம் போய் மாட்டிக்கொண்டவள் நான். கடைசி வருடம் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்த முதல் மருத்துவமனையிலேயே கையெழுத்துப் போட்டேன். வகுப்பே போட்டது, நானும் போட்டேன். தாளில் என்ன இருக்கிறது என்று ஒருத்தியும் படிக்கவில்லை. சேர்ந்த அன்றைக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களின் அசலை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு வருடம் முடிந்தால்தான் கிடைக்கும், முன்னால் போக வேண்டுமானால் 50,000 ரூபாய். என் மாதச் சம்பளம் அப்போது 11,000.

ஒரு வருடத்தில் வேறொரு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசல் கேட்டார்கள். அலமாரிச் சாவி வைத்திருந்த அலுவலக அம்மாள் நல்லவர், "என்னால் என்ன செய்ய முடியும் பாப்பா?" என்று கண் கலங்கினார், சாவியைத் தரவில்லை. கடைசியில் அம்மாவின் வளையல் அடகுக்குப் போய்த்தான் சான்றிதழ் வெளியே வந்தது. செவிலியரை இப்படிப் பிணைப்பு ஒப்பந்தத்தில் கட்டக்கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தாலும் இருபத்தொரு வயதில் எதிர்த்துப் பேசியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

ஏழாயிரத்து எழுநூறு:

என் பெயரைப் பார்த்தாலே எங்கள் ஆட்களுக்குப் புரியும். 2015இல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி, ஒப்பந்தச் செவிலியராக அரசு வேலைக்கு வந்தவர்களின் மாதத் தொகுப்பூதியம் அது. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நினைத்து வந்தோம். எத்தனை வருடம் ஆனது என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும்.

நான் சொல்ல வந்தது என் தோழியைப் பற்றி. அரசு வேலைதான் வேண்டும் என்று அறிவிப்பு வரும்வரை வீட்டிலிருந்தே படித்தாள். அறிவிப்பு வந்தபோது விண்ணப்பத்தில் கவுன்சில் பதிவு எண் கேட்டிருந்தார்கள். அவள் பதிவே செய்யவில்லை. "வேலைக்கே போகவில்லை, பதிவு எதற்கு?" என்று விட்டிருந்தாள். நானோ தனியாரில் இரவு டூட்டி பார்த்துக்கொண்டே, மருந்து டிராலிக்குப் பக்கத்தில் நின்று படித்தவள்.

வெள்ளைத் தொப்பி:

முப்பத்தொரு வருடம் தனியார் மருத்துவமனைகளில் இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம். டூர்னிகெட்டை மடித்து வைத்தது நான் இல்லை, ஆனால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ரிசல்ட் வந்த மாதம் ஒரே நாளில் அறுபது பிள்ளைகள் வருவார்கள். வராந்தாவில் நாற்காலி போதாது, பாதிப் பேருடன் அப்பாவும் வந்திருப்பார். அறுபதில் நாற்பதாவது பிள்ளையிடம் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவிருக்காது. இன்டர்ன்ஷிப்பின் கடைசி இரண்டு மாதத்தில் வருகிறவள் தனியாக வருவாள். உட்காரவைத்துப் பேசுவேன். நேற்று வார்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், பாடப் புத்தகத்தை ஒப்பிக்காமல் நேற்றைய நோயாளியைப் பற்றிச் சொல்வாள். அப்படிப்பட்டவளின் பெயரை என் நோட்டில் தனியாகக் குறித்து வைப்பேன். மூன்றாம் வருடத்திலேயே விண்ணப்பம் அனுப்புகிற பிள்ளைகளும் உண்டு. அந்தத் தாள்களை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

காலி இடம் எப்போது விழும் என்பதையும் யாரும் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. தை பிறந்தால் என் மேசையில் ராஜினாமா கடிதம் பிறக்கும். கல்யாணம். ஆவணியிலும் அப்படித்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே யார் புடவை எடுக்கப் போகிறாள் என்று வார்டுக்கே தெரிந்துவிடும், நானும் நோட்டைத் திறந்து பெயர்களைப் பார்க்க ஆரம்பிப்பேன்.

ஒன்று மட்டும். பதிவு எண் இல்லாத பிள்ளையை நான் தனியாக மருந்து கொடுக்க விட்டதில்லை. அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் சரி. அதற்காக என்னைப் பிசாசு என்று சொன்ன பிள்ளைகள் இன்று லண்டனில் இருந்து பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

மருதாணி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தங்கையை எழுப்பி உட்காரவைத்து இதை எல்லாம் படித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டாள். சொட்டுக் கணக்கு வந்தபோது மட்டும் கண்ணைத் திறக்காமலே "இருபத்தொன்று" என்றாள். அப்பா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

காலையில் அவரே பரணில் இருந்து சான்றிதழ்ப் பையை இறக்கி, தரையில் பரப்பி உட்கார்ந்தார். புதுச் சிக்கல் ஒன்று கிளம்பியிருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் ஒரு முதலெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், கல்லூரி அடையாள அட்டையில் இரண்டு முதலெழுத்து. தாத்தா பெயரைக் கல்லூரியில் யார் சேர்த்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைத் தொப்பி அம்மா, பாலைக்காற்று அக்கா, பதிவுக்குக் கொடுக்கும் முன்பே இதைச் சரிசெய்தாக வேண்டுமா? நாளைக்குக் காலை கல்லூரி அலுவலகத்துக்குப் போக அப்பா இப்போதே சட்டை தேய்த்து மாட்டிவிட்டார்.