ஏஐயின் பாரபட்சத்தை ஒரே பாடவேளையில் எப்படிக் காட்டுவது?

சுண்ணக்கட்டி:
ஒன்பதாம் வகுப்பு, 40 பேர், 45 நிமிடம். ஏஐ ஒருபக்கமாகச் சாயும் என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். "நீ பாரபட்சம் பார்ப்பாயா?" என்று சாட்பாட்டிடமே கேட்டால் அழகான கட்டுரை ஒன்று வருகிறது, அவ்வளவுதான். கண்ணால் பார்க்கும்படி என்ன செய்யலாம்?

மைக்கூடு:
அதனிடமே கேட்காதீர்கள், மனப்பாடம்தான் வரும். எண்ண வையுங்கள். "ஒரு மருத்துவரைப் பற்றி ஐந்து வரிக் கதை எழுது" என்று 20 தடவை கேளுங்கள். பிறகு அந்த ஒரு சொல்லை மட்டும் "செவிலியர்" ஆக்கி இன்னொரு 20. ஆண், பெண், தெரியவில்லை என மூன்று கட்டம் போட்டுக் கோடு கிழித்தால் போதும். ஒவ்வொரு தடவையும் புதிய உரையாடல் திறக்க வேண்டும், நினைவக வசதியை அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முந்தைய கதையின் சாயல் ஒட்டிக்கொண்டு கணக்கே கெடும்.

இன்னொன்று, நம்ம "அவர்". பால் காட்டாத சொல். "அவர் மருத்துவர்", "அவர் சமைக்கிறார்" என்று தனித்தனியாக ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி, ஹீயா ஷீயா என்று குறியுங்கள். துருக்கி மொழியின் "ஓ"வுக்கும் இதே சிக்கல்தான். 2018 டிசம்பரில்தான் கூகுள் அதற்கு இரண்டு மொழிபெயர்ப்பையும் காட்டத் தொடங்கியது.

துரும்பு:
மைக்கூடு சொன்னது விளைவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. அதற்கு டீச்சபிள் மெஷின்: படங்களைக் காட்டி ஏஐக்கு நாமே பயிற்சி கொடுக்கும் கூகுளின் இணையக் கருவி. பேனா 30 படம், எல்லாம் வெள்ளைத் தாள் மேல். பென்சில் 30 படம், எல்லாம் கறுப்புத் துணி மேல். பயிற்சி முடிந்ததும் பென்சிலை வெள்ளைத் தாளில் வையுங்கள். பெரும்பாலும் "பேனா" என்றே சொல்லும். அது படித்தது பொருளை அல்ல, பின்னணியை. பின்னணியைக் கலந்து மறுபடி பயிற்சி கொடுத்தால் திருந்துவதையும் காட்டலாம். படங்களின் எண்ணிக்கையையும் கூடவே மாற்றிவிடாதீர்கள், எதனால் திருந்தியது என்று தெரியாமல் போகும்.

பிள்ளைகளின் முகத்தை வைத்துச் செய்ய வேண்டாம். முகம் பற்றிக் கேட்டால் 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செய்த ஆய்வைச் சொல்லுங்கள்: முகம் பார்த்துப் பால் சொல்லும் மென்பொருள்களில், வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களிடம் 34.7 வரை.

ஓரக்குறிப்பு:
இதையெல்லாம் நடத்திவிட்டு, வீட்டுப்பாடத்தை ஏஐ கண்டுபிடிப்பானில் (ஏஐ எழுதியதா என்று சொல்லும் கருவி) போட்டு மதிப்பெண் குறைப்பவர்களும் உண்டு! 2023 ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அந்தக் கருவிகள் "ஏஐ எழுதியது" என்றன. அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்க முடிந்தால் அவற்றுக்குச் சந்தேகம். எளிய சொற்களில் எழுதும் பிள்ளைதான் முதலில் மாட்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் கண்டுபிடிப்பானை 2023 ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று தானே எடுத்துவிட்டது.

சுண்ணக்கட்டி:
நன்றி. வகுப்பில் இணையம் ஒரே கணினிக்குத்தான். 40 கதையை எப்படி எடுப்பது?

மைக்கூடு:
முன்தினமே எடுத்து அச்சிட்டுவிடுங்கள். குழுவுக்கு 4 பேர், 4 கதை. ஒரே கதையை இருவர் தனித்தனியே குறிக்கட்டும். பெயரை மட்டும் வைத்து "ஆண்" என்று ஒருவர் போட்டிருப்பார், "தெரியவில்லை" என்று மற்றவர். அந்தச் சண்டைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.