3 நாட்டு டீம்களில் பணியாளர் நலன் ஆய்வு: எதை, எப்போது, எப்படி அளப்பது?

வைகை_ஆய்வு:
சென்னை, முனிக், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே என 3 ஊர்க்காரர்களும் கலந்து வேலை செய்யும் மென்பொருள் டீம்கள்தான் என் முனைவர் பட்ட ஆய்வுக் களம். 24 டீம், டீமுக்கு 6 முதல் 9 பேர். பணியாளர் நலனுக்கும் ஒத்துழைப்புக்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி. நலனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.எச்.ஓ-5 கேள்வித்தாள், உளப் பாதுகாப்புக்கு (டீமில் பயமில்லாமல் பேசலாம் என்ற உணர்வு) ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சனின் 7 கேள்விகள், ஒத்துழைப்புக்கு 5 கேள்விகள். எல்லாவற்றையும் ஒரே கூகுள் ஃபார்மில் ஒரே தடவையில் கேட்டு, 3 நாட்டுச் சராசரிகளையும் ஒப்பிடலாம் என்று திட்டம். களத்தில் இறங்கும் முன் எதைத் திருத்த வேண்டும்? நிறுவனத்திடம் காலண்டர் தரவும் கேட்கலாமா?

அளவுகோல்:
நாட்டுச் சராசரி ஒப்பீட்டை முதலில் விட்டுவிடுங்கள். பதில் வரிசையின் கடைசிக் கட்டத்தைத் தயங்காமல் டிக் செய்வதும், நடுக்கட்டத்திலேயே நின்றுவிடுவதும் ஊருக்கு ஊர் மாறுகிற பழக்கங்கள். சென்னைக்கு 68, முனிக்குக்கு 60 என்று வந்தால், அந்த 8 புள்ளி நலனால் வந்ததா, பதில் சொல்லும் பழக்கத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால் அளவைச் சமநிலைச் சோதனை வேண்டும், அதாவது அதே கேள்விகள் 3 ஊரிலும் அதையேதான் அளக்கின்றனவா என்று பார்ப்பது: அமைப்பு (கேள்விகள் ஒரே மாதிரி சேர்கின்றனவா), காரணிச் சுமை (ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே எடையா), வெட்டுப்புள்ளி (ஒரே நலன் உள்ளவர்கள் ஒரே மதிப்பெண் தருகிறார்களா) என்று 3 படி. கணக்கு மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ. எண், படிக்குப் படி 0.01-க்கு மேல் குறையக் கூடாது. மூன்றாம் படியும் தேறினால்தான் சராசரியைப் பற்றிப் பேசலாம். தொடர்புகளை ஒப்பிட இரண்டாம் படி போதும். உங்களிடம் மொத்தமே சுமார் 180 பேர், நாட்டுக்கு 60 வந்தாலே பெரிது. அந்த அளவில் இந்தச் சோதனையே தள்ளாடும்.

டபிள்யூ.எச்.ஓ-5 நல்ல தேர்வு. 5 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 0–100. 50-ம் அதற்குக் கீழும் வந்தால் மேற்கொண்டு கவனிக்க வேண்டும் என்று பொருள், நோய் என்று பொருளல்ல. அது கேட்பது கடந்த 2 வாரத்தைப் பற்றி. பொங்கல் முடிந்து வந்தவரிடமும் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்தவரிடமும் கேட்டால் விடுமுறையைத்தான் அளப்பீர்கள். ஆகஸ்டில் முனிக்கில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

எட்மண்ட்சனின் 7-ல் 3 எதிர்மறை வாக்கியங்கள். இரண்டாம் மொழியில் வேகமாகப் படிப்பவர்களிடம் அவை சரியாக வேலை செய்யாது. ஊருக்கு 5 பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மொழிபெயர்த்துத் திருப்பி மொழிபெயர்க்கும் முறை மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது.

எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் கேட்டால், அன்றைய மனநிலையே எல்லாப் பதிலையும் ஒரே பக்கம் இழுத்துவிடும். கிடைக்கும் தொடர்பில் ஒரு பங்கு வெறும் வீக்கம். நலனை ஒரு சுற்றிலும் ஒத்துழைப்பை 2 வாரம் கழித்தும் கேளுங்கள்.

24 டீம் என்பது டீம் மட்டத்தில் குறைவு. 50-க்குக் கீழே போனால் அந்த மட்டத்தின் திட்டப் பிழைகள் (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) நம்பகமாக இருப்பதில்லை என்று ஆய்வாளர்கள் மாஸ், ஹாக்ஸ் இருவரின் 2005 கணினி உருவகச் சோதனை காட்டியது. டீம் மட்டத்தில் ஒரு மாறி, மிஞ்சினால் இரண்டு. கணக்குக்கு ஆர்.இ.எம்.எல். மதிப்பீடு, கென்வர்ட்–ரோஜர் திருத்தம்: இரண்டும் குழுக்கள் குறைவாக இருக்கும்போது பிழையைக் குறைக்கும் புள்ளியியல் முறைகள்.

நேரவலயம்:
ஒத்துழைப்பை 5 கேள்வியில் அடக்க முடியாது. இந்த டீம்களில் நலனும் ஒத்துழைப்பும் முட்டிக்கொள்கிற இடம் கடிகாரம்தான். வேலை நேரத்துக்கு வெளியே மீட்டிங் எத்தனை, அது யார் தலையில் விழுகிறது என்பதை அளக்காவிட்டால் மற்றதெல்லாம் மேலோட்டம்.

கணக்கைப் பாருங்கள். சான் ஹோசேயில் காலை 8:30 மீட்டிங் குளிர்காலத்தில் முனிக்கில் மாலை 5:30, சென்னையில் இரவு 10. டீமின் சராசரி ‘நேர வித்தியாசம்’ என்று ஓர் எண்ணைப் போட்டால் இந்தச் சாய்வு மறைந்துவிடும். ஆளுக்கு ஆள் கணக்கிடுங்கள்: உள்ளூர் நேரம் இரவு 8 முதல் காலை 7 வரை வாரத்தில் எத்தனை நிமிட மீட்டிங். டீமுக்குள் அது எவ்வளவு சமமாகப் பகிரப்பட்டிருக்கிறது என்பது தனி மாறி.

மார்ச் மாதம் உங்களுக்கு இயற்கையே தரும் சோதனை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா கடைசி ஞாயிறு. இந்தியா மாற்றுவதே இல்லை. இடையில் 2 அல்லது 3 வாரம். கலிஃபோர்னிய நேரத்தில் பதிந்த தொடர் மீட்டிங் என்றால் சென்னைக்கு 10 மணி 9 ஆகிறது. முனிக்குக்கு 5:30 முதலில் 4:30 ஆகி, மாத முடிவில் மீண்டும் 5:30. அதே மீட்டிங் முனிக் நேரத்தில் பதிவாகியிருந்தால் சென்னைக்கு மாத முடிவில்தான் மாறும். ஆகவே ஒவ்வொரு தொடர் மீட்டிங்கும் எந்த நேர வலயத்தில் உருவானது என்பதைக் கட்டாயம் பதியுங்கள். இதை விட்டால் யாருக்கு எந்த வாரம் மாறியது என்பதே குழம்பிவிடும். மாற்றத்துக்கு முன், இடையில், பின் என 3 கட்டம். கட்டத்துக்கு 5 வேலை நாள். தினமும் 4 கேள்வி, 1 நிமிடத்தில் முடிய வேண்டும். ஒவ்வொருவரையும் அவரவர் சராசரியோடு ஒப்பிடுவதால் மேலே ‘அளவுகோல்’ சொன்ன, பதில் சொல்லும் பழக்கச் சிக்கல் பெரும்பாலும் விலகிவிடும். சென்னையில் மார்ச் பல இடங்களில் நிதியாண்டு முடிவும் அப்ரைசலும் சேர்ந்து வரும் மாதம். அந்த நாட்களைத் தனியே குறியுங்கள்.

இன்னொன்று. உளப் பாதுகாப்பை டீம் சராசரியாகச் சுருக்கும் முன் ஒற்றுமைக் குறியீட்டை, அதாவது டீமுக்குள் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்ணைப் பாருங்கள். சென்னையின் 4 பேர் ஒரு பக்கம், முனிக்கின் 3 பேர் மறுபக்கம் நின்றால் சராசரி நடுவில் வரும், அங்கே ஒருவர்கூட இருக்க மாட்டார். அந்த டீமைத் தூக்கி எறியாதீர்கள். ஊர்வாரியான அந்தப் பிளவு உங்கள் ஆய்வின் முக்கிய முடிவாகக்கூட இருக்கலாம்.

தரவுக்காவல்:
காலண்டர் தரவு கேட்கலாம், ஆனால் முனிக்கில் நிர்வாகம் மட்டும் சரி சொன்னால் போதாது. பணியாளர் நடத்தையைக் கண்காணிக்கத் தக்க தொழில்நுட்பக் கருவி என்றால், ஜெர்மன் பணியிட அமைப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி, ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் மன்றமும் ஒப்ப வேண்டும். அவர்களிடம் கடைசியில் போனால் மாதக்கணக்கில் நிற்கும். முதல் கடிதமே அவர்களுக்கும் போகட்டும். கேட்பது தொடக்க நேரம், முடிவு நேரம், நேர வலயம், எத்தனை பேர் என்பவை மட்டும். தலைப்பும் பெயர்களும் வேண்டாம், ஆளுக்கு ஆள் கணக்கிடப் பெயருக்குப் பதில் ஓர் எண் போதும்.

வேலை கொடுப்பவர் வழியாகப் பெறும் சம்மதம் ஐரோப்பியத் தரவுச் சட்டத்தில் பலவீனமானது, மறுக்கத் தயங்குவார்கள் என்பதால். பல்கலைக்கழகமே நேரடியாக அழைக்கட்டும். யார் கலந்துகொண்டார் என்பது மேலாளருக்குத் தெரியவே கூடாது. நலக் கேள்விகள் உடல்நலத் தரவாகக் கருதப்படலாம். கூகுள் ஃபார்முக்குப் பதில் ஐரோப்பிய சர்வரில் லைம்சர்வே என்ற கருத்தாய்வு மென்பொருளை நிறுவுங்கள். அங்கிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவர ஐரோப்பிய ஆணையம் வகுத்த நிலையான ஒப்பந்த விதிகள் தேவை.

5 பேருக்குக் குறைவான எந்தக் கூட்டத்தின் முடிவையும் வெளியிடாதீர்கள். டீம், ஊர், பாலினம் மூன்றும் சேர்ந்தாலே சான் ஹோசேயின் 2 பேரில் யார் என்று தெரிந்துவிடும்.

வைகை_ஆய்வு:
பெயர் இல்லாமல் 3 கட்டத்தையும் எப்படி இணைப்பது? பங்கேற்பவர்கள் தாங்களே உருவாக்கும் குறியீடு சரிவருமா?

தரவுக்காவல்:
எழுத்து கேட்டால் சரிவராது. ‘குடும்பப் பெயரின் முதலெழுத்து’ என்றால் நம் ஆட்கள் ஒரு தடவை இனிஷியல் போடுவார்கள், மறுதடவை அப்பா பெயர். அம்மா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறும். எண்களாகக் கேளுங்கள்: பிறந்த தேதி, அம்மா பிறந்த மாதம், உடன்பிறந்த மூத்தவர்கள் எத்தனை பேர். ஆனால் உங்களுக்கு டீம் விவரமும் வேண்டும் என்பதால், ஆளுக்கொரு தனி இணைப்பு கொடுப்பதே உறுதி. பெயர்–எண் பட்டியல் உங்கள் நெறியாளரிடம் மட்டும் இருக்கட்டும், கடைசிக் கட்டம் முடிந்ததும் அழியுங்கள். அழிக்கும் தேதியை அழைப்புக் கடிதத்திலேயே போடுங்கள்.