புதுப்பிப்பு: கணவரின் வேலை தேடல் முடிவுக்கு வந்தது

மட்டக்களப்பில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் 9 ஆண்டுகள் கணக்கெழுதிய என் கணவரை, ஆட்குறைப்பு என்று கூறி ஒரு மாதச் சம்பளத்துடன் அனுப்பிவிட்டதைத் தை மாதத்தில் எழுதியிருந்தேன்.

பலரும் அறிவுறுத்தியபடி தொழில் அலுவலகத்துக்குச் சென்றோம். 15 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் 5 ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்கு, சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை வழங்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அக்கணக்கின்படி எங்களுக்கு நாலரை மாதச் சம்பளம் சேர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டபோது கைவிரித்த நிர்வாகம், எழுத்தில் முறைப்பாடு போனதும் காசோலையை நீட்டியது. (இத்தனை காலம் பிறருடைய சம்பளத்தைக் கணக்கிட்டவருக்கே தம்முடைய உரிமை தெரியாதிருந்தது என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.) ஓய்வுக்காலத்துக்கென்று சேர்ந்திருந்த ஊழியர் சேமலாப நிதியில் நாங்கள் கை வைக்கவில்லை.

நேர்முகத் தேர்வுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்துக்குப் போனார், மூன்றில் வயதைக் கேட்டதோடு சரி. அந்நாட்களில், எங்கும் போக வேண்டியிராதபோதும், காலையில் சட்டையை மினுக்கி அணிந்துகொண்டு கல்லடிப் பாலம் வரை நடந்துவிட்டு வருவார்.

சென்ற வாரம் முதல் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் கணக்காளராக இருக்கிறார். சம்பளம் முன்னையதைவிடக் குறைவு, விடியற்காலை பேருந்தைப் பிடிக்க வேண்டும். மாலையில் சட்டைக் கழுத்தில் உமித்தூசு படிந்திருக்கிறது.