டவர் கதிர்வீச்ச வீட்டுக்குள்ள அளக்க வச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம், மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். ஆடி கழிஞ்சு எதிர்வீட்டு மாடியில செல்போன் டவர் போட்டாங்க, அதுல நீளப் பெட்டியாட்டம் ஒரு ஆன்டெனா அம்மா படுக்குற மாடி ரூம் ஜன்னலுக்கு நேரா, நாப்பது அடி இருக்கும். அம்மாவுக்கு 68 வயசு. ஐப்பசியிலேர்ந்து தூக்கம் இல்ல, விடியக்காலையில தலைவலி, காதுல ங்ங்ஙுன்னு ஒரு இரைச்சல். பிரஷர், சுகர், கண்ணு எல்லாம் பாத்தாச்சு, ஸ்கேனும் நார்மல். டவர்தான் காரணம்னு அடிச்சு சொல்லல, ஆனா அளக்காம இருக்க மனசு கேக்கல.

கீழ்ரூமுக்கு மாத்துனோம், தலைவலி கொஞ்சம் கொறஞ்சாப்ல இருக்கு, தூக்கம் அப்படியேதான். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுத்தோம், ரசீதோட சரி. போன் ஆப் இதுக்கு ஒதவாது, அது காந்தப்புலத்தத்தான் காட்டும், டவர் விடுற ரேடியோ அலைய அளக்காது. டவர் கதிர்வீச்சு விவரம் பாக்குற தொலைத்தொடர்புத் துறையோட தரங் சஞ்சார் சைட்ல டவர் விதிப்படி இருக்குன்னு வருது, ஆனா கம்பெனியே தனக்குத்தானே சான்றிதழ் குடுத்துக்கலாம்ங்கறப்ப அத எப்படி நம்பி படுக்குறது?

2012 செப்டம்பர்லயே நம்ம நாட்டுல டவர் கதிர்வீச்சு வரம்ப சர்வதேச அளவுல பத்துல ஒண்ணா கொறச்சாங்க, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட். வயசானவங்களும் கொழந்தைங்களும் ராப்பூரா படுக்குற எடத்துக்கு இன்னும் கொறைக்கணும்ங்கறது என் கருத்து.

அந்த சைட்லயே 4000 ரூபா கட்டுனா ஆள் வந்து அளப்பாங்களாம். திருவாரூர், தஞ்சாவூர், நாகை பக்கம் யாராச்சும் கட்டி, ரூமுக்குள்ள ஜன்னல்கிட்டயே வச்சு அளந்து வாங்கியிருக்கீங்களா?