ப்ரீலான்சருக்கு எதற்கு பிரைவேட் லிமிடெட்?

திருச்சிக்காரன்:
வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஜெர்மனியில் ஒரு கிளையன்ட், பெங்களூரில் ஒன்று. வருஷத்துக்குப் பதினாலு லட்சம் தேறும். பெங்களூர்க்காரர்கள் "கம்பெனி பெயரில் இன்வாய்ஸ் கொடுங்கள்" என்கிறார்கள். ஆடிட்டர் பிரைவேட் லிமிடெட் போடச் சொல்கிறார். இரண்டு டைரக்டர் வேண்டுமாம், அம்மா பெயரைப் போடலாமாம். அம்மாவோ "எங்கே கையெழுத்து?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார். எனக்குத்தான் பயம்.

பழைய பார்ட்னர்:
தம்பி, அம்மாவை விட்டுவிடுங்கள். நான் 2017-இல் மச்சானோடு எல்எல்பி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) போட்டவன். பெயர் யோசிக்கவே ஒரு வாரம் ஆனது. வேலை வந்தாலும் வராவிட்டாலும் வருஷா வருஷம் அரசுக்குப் படிவம் 11 (ஆண்டு அறிக்கை), படிவம் 8 (கணக்கு விவரம்) போட வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. அப்போதெல்லாம் தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய். படிவம் 8-ஐ 140 நாள் மறந்தேன், 14,000 தண்டம். மச்சான் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக்காட்டுவார்.

அதை மூடிவிட்டு இப்போது ப்ரொப்ரைட்டர்தான், அதாவது தொழிலுக்கு நான் ஒருவனே முதலாளி. தனிப் பதிவு கிடையாது, நம் பான் கார்டே போதும். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இலவசம், பணம் கேட்டால் அது ஏஜென்ட் தளம். அந்தச் சான்றிதழையும் வைத்துத்தான் தொழில் பெயரில் கரண்ட் அக்கவுன்ட் திறந்தேன். பெங்களூருக்கு அந்தப் பெயரே போதுமா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், எல்லோரும் 44ஏடிஏ என்று சொல்லும் சலுகை: வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டலாம். எல்எல்பிக்கும் கம்பெனிக்கும் அது கிடையாது. எல்எல்பி என்றால் லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்.

கணக்குப்பிள்ளை:
மேலே சொன்னது சரி, ஒன்றை விட்டுவிட்டார். ப்ரொப்ரைட்டர் மேல் வழக்கு வந்தால் சொந்த வீடு வரை கை வைப்பார்கள். ஒப்பந்தத்தில் நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி 20 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம், ஆனால் ஜெர்மனி வரவும் அந்தக் கணக்கில் சேரும். தாண்டினால் பதிவு செய்து எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி) கொடுங்கள், ஜெர்மனி பில்லுக்கு வரி வராது.

திருச்சிக்காரன்:
பெங்களூரில் கேட்டேன். தொழில் பெயரில் பில்லும் பான் எண்ணும் இருந்தால் போதுமாம், டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு கொடுப்பார்களாம். உத்யம் போட்டாயிற்று. "அப்போ நான் டைரக்டர் இல்லையா?" என்று அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.