லேபில் 140, வீட்டு மிஷினில் 158: எதை நம்புவது?

காட்பாடி வாசு:
வணக்கம். அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரைக்கு மாத்திரை மட்டும்தான். வெறும் வயிற்றில் லேபில் 140 வந்த அதே காலையில் வீட்டு குளுக்கோமீட்டர் 158 காட்டுது. மிஷின் கோளாறா? புதுசு வாங்கணும்னா எதைப் பார்த்து வாங்கணும்? வேலூர் வெயிலுக்குப் பயந்து ஸ்ட்ரிப் டப்பாவை ஃப்ரிட்ஜில் வச்சிருக்கோம்.

ராணிப்பேட்டை பார்மசிஸ்ட்:
இதை மட்டும் வச்சு கோளாறுன்னு சொல்ல முடியாது தம்பி. குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 15197:2013-படி 100-க்கு மேல் 15 சதவீதம், 100-க்குக் கீழே 15 புள்ளி முன்னே பின்னே வரலாம். 140-க்கு அது 119 முதல் 161 வரை.

வாங்கும்போது மிஷின் விலையை விடுங்க, 50 ஸ்ட்ரிப் என்ன விலைன்னு கேளுங்க. செலவெல்லாம் அதில்தான். பக்கத்து மெடிக்கலில் அந்த ஸ்ட்ரிப் எப்பவும் கிடைக்கணும். கோடிங், அதாவது புது ஸ்ட்ரிப் டப்பாவின் குறியீட்டை மிஷினில் பதிவது, வேண்டாத மாடல் நல்லது.

ஃப்ரிட்ஜிலிருந்து இன்றைக்கே எடுத்துடுங்க. ஜில்லென்ற டப்பாவைத் திறந்ததும் உள்ளே ஈரம் படியும். ஸ்ட்ரிப்பில் இருக்கிற என்சைம் கெட்டுப்போகும். பல ஸ்ட்ரிப்புக்கு 30 டிகிரிதான் உச்சவரம்பு, உங்க டப்பாவில் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கத்திரி வெயிலில் உள்ரூம் பீரோவின் கீழ்த்தட்டு சரியான இடம். சமையலறை, வண்டி டிக்கி ரெண்டும் ஆகாது. வேறு டப்பாவுக்கு மாற்றாதீங்க. திறந்த தேதியை மேலேயே எழுதுங்க. பல பிராண்டுகள் திறந்தபின் 3 அல்லது 6 மாசம்தான். வாரம் ரெண்டு தடவைதான் பார்ப்பீங்கன்னா 25 ஸ்ட்ரிப் டப்பா போதும்.

ஆற்காடு லேப் டெக்னீஷியன்:
லேப் எண்ணும் அசையும். எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வச்சா மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். ஒப்பிடுவது வெறும் வயிற்றில் மட்டும் இருக்கட்டும். சாப்பிட்டபின் விரல் ரத்தத்தில், லேபில் எடுக்கும் நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைக்கணும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்துச் சர்க்கரையும் சேர்ந்து எகிறும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்க, வலி குறைவு. ரத்தம் வரலைன்னா கையைத் தொங்கவிட்டு அடியிலிருந்து மெல்ல நீவுங்க. நுனியைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் தவறும். துளியை ஸ்ட்ரிப் மேலே சொட்டக் கூடாது. ஓரத்தில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கும்.

அம்மாவுக்கு ரத்தசோகை உண்டா? ஹீமோகுளோபின் எவ்வளவு?

காட்பாடி வாசு:
9.2 சார்.

ஆற்காடு லேப் டெக்னீஷியன்:
அதைக் கவனிக்கணும். ரத்தசோகை இருந்தால் பல மிஷின்கள் கூட்டிக் காட்டும். 9.2-ஐ 3-ஆல் பெருக்கினால் ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், தோராயமாக 28. ஸ்ட்ரிப்போடு வரும் சீட்டில் ஹீமட்டோக்ரிட் வரம்பு இருக்கும். 30-லிருந்து தொடங்கினால் அந்த மிஷின் அம்மாவுக்கு ஒத்துவராது. 20 அல்லது அதற்கும் கீழே தொடங்குவதாக வாங்குங்க. 9.2-ஐ டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்க. அதற்கு முன் மிஷின் எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டிடாதீங்க.