அப்பாயி சொன்ன "ஜொரம் வந்த வருஷம்"

திருச்சியிலிருந்து:

வயதைக் கேட்டால் எங்கள் அப்பாயி, "ஜொரம் வந்த வருஷம் நான் கைப்புள்ள" என்பார். எந்த ஜொரம் என்று நான் கேட்டதே இல்லை. கொரோனா ஊரடங்கில் 1918இல் வந்த ஃப்ளூ காய்ச்சல் பற்றிப் படிக்கப்போய்த்தான் புரிந்தது. அதிலிருந்து அந்த வருஷம் என்னை விடவில்லை.

ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் காவலர்கள் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள். அந்த அலை லேசாகக் கடந்துபோனது. செப்டம்பரில் திரும்பி வந்தது வேறு மாதிரி. அக்டோபர் 6 அன்று மட்டும் பம்பாயில் 768 சாவு. இந்தியா முழுக்க ஒன்றேகால் கோடியிலிருந்து இரண்டு கோடி வரை போயிருக்கலாம் என்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் இங்கே மக்கள்தொகை கூடாமல் குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரைதான்.

காய்ச்சல் என்றால் குழந்தையையும் வயதானவரையும்தான் பறிக்கும் என்று நினைத்திருந்தேன். இது 20லிருந்து 40 வயதுக்காரர்களைக் குறிவைத்தது. அதிலும் பெண்கள் அதிகம். எல்லோருக்கும் கஞ்சி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டது அவர்கள்தானே! அப்பாயியின் அம்மாவும் சித்தப்பாவும் ஒரே வாரத்தில் போனார்கள். விளிம்பு நசுங்கிய பித்தளைச் சங்கு ஒன்று அப்பாயியிடம் இருந்தது. அத்தைக்காரி அதில் ஆட்டுப்பால் புகட்டித்தான் அவரைப் பிழைக்க வைத்தாராம். கடைசிவரை அதைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்.

நாமக்கல்லிலிருந்து:

முட்டைக்கோழிப் பண்ணையில் மேற்பார்வை பார்க்கிறேன். கேரளாவில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் (அதுவும் ஒரு ஃப்ளூதான்) என்று சேதி வந்தால் அன்றிலிருந்தே உள்ளே வருகிற ஒவ்வொரு லாரி டயருக்கும் மருந்து அடிப்போம். கால் நனைக்காமல் கொட்டகைக்குள் யாரும் போக முடியாது. எங்கள் பண்ணைக்கு இதுவரை வந்ததில்லை. ஆனால் 2024இல் அமெரிக்காவில் அதே பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளுக்குத் தொற்றியது என்று படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பங்கு இன்றும் கரு பிடித்த கோழிமுட்டைக்குள்தான் வளர்க்கப்படுகிறது. புதுக் கிருமி கிளம்பினால் ஊசி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கிருமி கோழிகளையே கொல்வதாக இருந்தால் முட்டைக்கு எங்கே போவது? தினமும் லட்சக்கணக்கில் முட்டை எண்ணுகிறவன், அதனால் கேட்கிறேன்.

சென்னையிலிருந்து, செவிலியர்:

திருச்சிக்காரர் சொன்ன வயதுக் கணக்கை 2009இல் வார்டில் கண்ணால் பார்த்தேன். அப்போது பரவிய பன்றிக் காய்ச்சல் கிருமியில் 1918 கிருமியின் வழிவந்த மரபணுக்களும் உண்டு. 26 வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. சாதாரணக் காய்ச்சல்தானே என்று வீட்டிலேயே நாலு நாள் இருந்துவிட்டார். ஃப்ளூவுக்கான மாத்திரையை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வென்டிலேட்டர் வரை போயும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை, குழந்தை பிழைத்தது. பித்தளைச் சங்கு என்று படித்ததும், பால் புகட்டும் பாலாடைச் சங்கைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வாசலில் நின்ற அவர் மாமியார்தான் ஞாபகத்துக்கு வந்தார்.